நாலு பேரு ரூமுக்குள்ளே

ஒரு பாட்டுத்தானா என்று கேட்கிறார்கள். ஆமாம், ஒரு பாட்டுத்தான். அதற்குப் பிறகு ஏன் ஒன்றும் வரவில்லை, சரக்கு தீர்ந்துவிட்டதா என்றும் கேட்கிறார்கள். சரக்கு தீரவில்லை. இரண்டாவது பாட்டுக்கு ஒரு விலை சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசி பக்கம் நாரணாபுரத்துக்கு மேற்கே ஒரு பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தேன். எங்கள் பக்கம் பட்டாசு செய்கிற இடத்தையும் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி மேஜை கிடையாது. கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். ஒரு ரூமுக்கு நாலு ஆள். அதற்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். கதவுக்கு மேலே பெயிண்டில் எழுதியிருக்கும்: ஆட்கள் 4.

நான் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறவன். காலையில் கேட்டில் பீடி, தீப்பெட்டி, சாவி, இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். செருப்பு ரூம் வாசலோடு சரி. உள்ளே உட்கார்ந்ததும் போர்மேன் சத்தம் ஆரம்பிக்கும்.

"தட்டாதே! தேய்க்காதே! தரையிலே இழுக்காதே! ஓடாதே!"

காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இதே சத்தம்தான். ரூம் ரூமாகப் போய்க் கத்துவார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். வலது கையில் மூன்று விரல் கிடையாது அவருக்கு. காரணத்தோடுதான் கத்தினார்.

அந்த வேலை பார்க்கிறவனுக்குக் கை மாறிப்போகும். எதையும் மெல்லத்தான் வைக்கும். வீட்டில் தண்ணீர்க் குடத்தை நான் இறக்கினால் சத்தம் வராது. கதவு சாத்தினால் சத்தம் வராது. "களவாங்க வந்தவுக மாதிரி நடக்கீக" என்று என் பெண்டாட்டி சொல்வாள்.

ஆறு நாள் அப்படி இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை எதையாவது ஓங்கி அடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். விருதுநகரில் எண்ணெய்க் கடையிலிருந்து காலி டின் இரண்டு கொண்டுவந்து வைத்திருந்தேன். ஒன்று நசுங்கினது, ஒன்று நசுங்காதது. அவற்றைத் தூக்கிக்கொண்டு வறண்ட கண்மாய்க்குள் போவேன். நடுக் கண்மாயில் உட்கார்ந்து அடிப்பேன். மருந்து இல்லாத இடம். எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் ஆகாது. அந்தச் சுகம் வேறு எவனுக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைமேல் இரண்டு பேர் நின்றார்கள். இருவரும் சிவகாசியில் லேபிள் அடிக்கிற அச்சாபீஸ்காரர்கள். ஒருவர் முன்பு கொழும்பில் கடையில் பொட்டலம் மடித்தவர். வரும்போது ஒரு கிதார் கொண்டுவந்திருந்தார். சிவகாசியில் அப்போது வேறு கிதார் இருந்ததாக எனக்குத் தெரியாது. இன்னொருவர் மை கலக்குகிறவர். அவர் விரலில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அவர் புல்புல்தாரா வாசிப்பார். கோயில் கடையில் விற்கிற, கட்டை அமுக்கி வாசிக்கிற வாத்தியம்.

கிதார்க்காரர் இறங்கி வந்தார். "ஏலே, இது என்ன அடிலே?"

"சும்மா."

"சும்மாவா? கொழும்புலே பெரிய ஓட்டல்லே வெள்ளைக்காரப் பயக இந்த அடிதான் அடிப்பானுக. ராக்குன்னு பேரு."

"ராக்குன்னா?"

"பாறைம்பாக."

"பாறையிலே என்ன பாட்டு?"

"எனக்கு என்னலே தெரியும். நீ அடி."

அடித்தேன். அவர் கிதாரைப் போட்டார். கம்பியை வருடவில்லை, சாட்டையால் அடிக்கிற மாதிரி அடித்தார். புல்புல்தாரா பின்னால் கீச்சென்று ஓடி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. வாயில் ஏதாவது வர வேண்டும். எனக்கு என்ன பாட்டுத் தெரியும்? தினமும் கேட்கிறதுதான் வந்தது.

தட்டாதே தேய்க்காதே
தரையிலே இழுக்காதே
ஓடாதே ஓடாதே
ஒண்ணுமேலே ஒண்ணு வைக்காதே

தட்டாதே என்று சொல்லிக்கொண்டே தகரத்தைத் தட்டினேன். கிதார்க்காரர் சிரித்துச் சிரித்துக் கம்பியை விட்டுவிட்டார். மைக்காரர் சிரிக்கவில்லை. "திருப்பிச் சொல்லுங்க" என்றார். எங்கள் மூன்று பேரில் பாட்டு என்றால் என்ன என்று தெரிந்தவர் அவர்தான்.

முதல் சரணம் கிதார்க்காரர் கட்டினார். ஆபீசுக்கு வருகிற ஒருத்தன் காதல் பாட்டு.

செருப்பைக் கழட்டி வாசல்லே
பீடியைக் குடுத்தேன் கேட்டுலே
மனசை மறைச்சுக் கொண்டாந்தேன்
மடியைச் சோதிச்சும் காணல்லே

இரண்டாவது சரணம் எங்கள் யாருடையதும் இல்லை. என் ரூமில் எனக்கு எதிரே உட்கார்ந்து திரி வைக்கிற பெண் ஒருத்தி உண்டு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சொந்தம் இல்லை, ஆனாலும் மதினி என்று கூப்பிடுவேன். அவள் வாய்க்குப் போர்மேனே பயப்படுவார்.

சீசன் வந்துவிட்டால் நாலு ஆள் ரூமில் எட்டு ஆள் உட்காருவோம். தீபாவளி ஆர்டர் முடிய வேண்டும். எல்லா ஆபீசிலும் அப்படித்தான். சோதனை பண்ணுகிற அதிகாரி ஜீப்பில் வருவார். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் சிவப்புத் துண்டை உதறுவான். உடனே ரூமுக்கு நாலு பேர் எழுந்து ரூமுக்குப் பின்னால் இருக்கிற உடைமுள் காட்டுக்குள் போய்விட வேண்டும். அதிகாரி வருவார், எண்ணுவார், நாலு இருக்கும், எழுதுவார், போவார். ஜீப் புழுதி அடங்கினதும் காட்டில் இருந்தவர்கள் திரும்பி வருவார்கள். இதை ஒரு தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. மழை வந்தால் காயப்போட்டதை எடுக்கிற மாதிரி அது ஒரு வேலை.

மதினி எப்போதும் காட்டுக்குப் போகிற நாலு பேரில் ஒருத்தி. ஒருநாள் சேலையில் ஏறின முள்ளைப் பிடுங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"ஏலே டின்னு" என்றாள். அப்போது என் பெயர் அதுதான். "அந்தப் பாட்டுலே இதையும் சேத்துக்கிடு. நாலு பேரு ரூமுக்குள்ளே, நாலு பேரு காட்டுக்குள்ளே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஜீப்பு போன பின்னாலே எட்டுப் பேரும் ரூமுக்குள்ளே. உனக்கு நான் பாட்டும் கட்டணும், முள்ளும் குத்தணும். கூலி மட்டும் ஒண்ணு."

ரூமே சிரித்தது. சத்தம் கேட்டுப் போர்மேன் வந்தார். "ஏத்தா, என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி, முள்ளு குத்திருச்சு."

அப்படித்தான் பாட்டு முழுசானது.

அந்த வருஷம் பங்குனியில் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு விருதுநகரில் ஒரு தெருக்காரர்கள் மேடை போட்டிருந்தார்கள். நாடகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் ஏறுங்கள் என்றார்கள். நாங்கள் ஏறினோம். டின்னைப் பார்த்ததும், "எண்ணெய் எம்புட்டு அண்ணே?" என்று ஒருத்தன் கேட்டான். கூட்டம் சிரித்தது. நான் அடிக்க ஆரம்பித்தேன்.

தட்டாதே என்று கிதார்க்காரர் பாடினதும் பெண்கள் பக்கமிருந்து "தேய்க்காதே!" என்று ஒரு கத்தல். எங்கள் ஆபீஸ் பெண்கள் மட்டும் இல்லை. சுத்துப்பட்டு ஆபீஸ் எல்லாவற்றிலும் அதே போர்மேன், அதே நாலு வார்த்தை. எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டாவது சரணம் வந்தபோது பாட்டு எங்கள் கையில் இல்லை. காட்டுக்குள்ளே என்ற இடத்தில் ஆயிரம் பேர் கத்தினார்கள். நாடகக்காரர்கள் ராஜா வேஷத்தோடு வெளியே வந்து பார்த்தார்கள். நாலு தடவை பாடினோம். வேறு பாட்டு இல்லை. வேறு பாட்டு யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் போர்மேன் கூட்டத்தில்தான் இருந்தார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். இரண்டு விரல் கையை என்னைப் பார்த்து ஆட்டினார். "நாளைக்கு வருவேலே" என்றார்.

மறுநாள் போனேன். வழக்கம்போல "தட்டாதே!" என்றார். "தேய்க்காதே!" என்று பெண்கள் முடித்தார்கள். அப்புறம் அவரால் ஒரு நாளும் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

எங்களுக்குத் தட்டாதே செட்டு என்று பெயர் வந்தது. வெம்பக்கோட்டை, மல்லாங்கிணறு என்று கோயில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனோம். ஒரு மாதத்தில் மொதலாளி ஆள் அனுப்பினார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

மொதலாளி மோர் கொடுக்கச் சொன்னார். "ஏலே, அந்த ஜீப்பு வரி இருக்கே, வயிறு வலிக்கச் சிரிச்சேன். நம்ம ஆபீஸ் பாட்டு இது. தீபாவளிக்கு ரெக்கார்டு போடுவோம். மெட்ராசுலே ஒரு கம்பெனிக்காரன் எனக்குப் பழக்கம்."

அவரிடம் அச்சாபீசும் இருந்தது. பாட்டு முழுவதையும் கலரில் நோட்டீசாக அடித்தார். மேலே பூச்சட்டிப் படம். கீழே அவர் கம்பெனி பெயர், அன்பளிப்பு என்று போட்டிருந்தது. ஒவ்வொரு பட்டாசுப் பெட்டிக்குள்ளும் ஒரு நோட்டீஸ் போட்டுக் கட்டினோம். மதினிக்கு எழுத்துத் தெரியாது. அவள் வரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். "இம்புட்டுக் குட்டியா?" என்றாள். ஆனாலும் ஒன்றை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மெட்ராஸ் போனோம். ரெக்கார்டு எடுக்கிற ரூமுக்கு ஜன்னல் இல்லை. கனமான கதவு. அதற்கு மேலே ஏதோ எழுதியிருந்தது. நான் செருப்பை வாசலில் விட்டேன். பீடியையும் தீப்பெட்டியையும் வாசலில் இருந்தவன் கையில் கொடுத்தேன். அவன் எதற்கு என்று கேட்டான். டின்னைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தேன். கம்பெனிக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையைக் காட்டினார். கிதார் ஆரம்பித்தது. என் கை டின்மேல் போய் நின்றது. அடிக்க வரவில்லை.

"என்னப்பா, பூனையைத் தடவுறியா? அடி!" என்றார் கம்பெனிக்காரர்.

இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாம் தடவையும் வரவில்லை. நாலு சுவர், மூடின கதவு, வாசலில் செருப்பு. என் கைக்கு அது மருந்து ரூம்தான். மைக்காரர் எழுந்து வந்து என் பக்கத்தில் குத்தவைத்தார். காதோடு சொன்னார். "இங்கன மருந்து இல்லைலே."

அப்போதுதான் கை இறங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அதோடு இன்னொரு சிக்கல். மூன்று நிமிஷத்துக்கு மேல் ரெக்கார்டில் கொள்ளாது, ஒரு சரணத்தை வெட்டுங்கள் என்றார்கள். "ரெண்டாவதை விட்டுருவோம். மெட்ராஸ்காரனுக்குக் காடும் ஜீப்பும் என்ன புரியும்?" என்றார் கிதார்க்காரர். பாட்டு ஓடியது. முதல் சரணம் முடிந்தது. அவர் முடிப்புக்குக் கையைத் தூக்கினார். நான் அடியை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக அடித்து நானே பாடினேன். நாலு பேரு ரூமுக்குள்ளே. என் குரல் நல்ல குரல் இல்லை. இழுத்துப் பிடித்து மூன்று நிமிஷத்துக்குள் முடித்தோம்.

வெளியே வந்ததும் கிதார்க்காரர் என் சட்டையைப் பிடித்தார். "யாரைக் கேட்டுலே பாடுனே?"

"மதினி கேட்டா என்ன சொல்லுவேன்?" என்றேன்.

அந்த வேகம்தான் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனது என்று பிறகு அவரே சொன்னார்.

ஆவணி மாதம் ரெக்கார்டு வந்தது. சிவகாசியில் டீக்கடை டீக்கடையாகக் கேட்டேன். கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் கேட்டேன். மதுரையில் ஓடுகிறது, திருநெல்வேலியில் ஓடுகிறது என்று லோடு ஏற்றிப் போகிற லாரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். இதில் பொய் இல்லை. ஒரு சீசன் முழுக்க எங்கள் பாட்டுத்தான்.

தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. மத்தியான வெயில். எங்கள் ரூமில் எட்டுப் பேர். திரி தீர்ந்துவிட்டது, போய் எடுத்து வா என்று மதினி என்னை அனுப்பினாள். திரி ரூம் நூறு அடி தள்ளி. திரிக்கட்டைக் கையில் வாங்கும்போது பின்னால் எங்கள் ரூம் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது.

ரூமில் ஏழு பேர். நாலு பேர் ஓடி வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. சுவரோரம் உள்ளே உட்கார்ந்திருந்த மூன்று பேர். மதினி அதில் ஒருத்தி. நாலு பேருக்கு அந்த வாசல் போதும். அந்தச் சட்டம் போட்டவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன்.

மூன்றாம் நாள் ஊருக்குள் ஒரு பேச்சு வந்தது. அந்த ரூமில் பாட்டுப் பாடிக்கொண்டு தரையில் தட்டினார்கள், அதனால்தான் தீப்பிடித்தது என்று. யார் சொன்னது என்று தெரியாது. பாட்டுக்குச் சாபம் பிடித்தது என்றார்கள். டீக்கடையில் ரெக்கார்டை நிறுத்தினார்கள். தட்டினது மதினிதான் என்றும் சொன்னார்கள். அவள் வாய் அப்படி, அவளாகத்தான் இருக்கும் என்றார்கள்.

மதினி புருஷன் மாட்டு வண்டி ஓட்டுகிறவர். என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவ தட்டுனாளா?"

"இல்லை. சீசன்லே எங்களுக்குப் பேசவே நேரம் இல்லை. அன்னைக்கு யாரும் பாடலை."

"ஊரெல்லாம் சொல்றாகளே. அவளாலே மத்த ரெண்டு பேரு செத்தாகன்னு சொல்றாக. அந்த வீட்டு ஆளுக என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்புறாக. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. அதுக நாளைக்கு இந்த ஊர்லே நடக்கணும்."

"நான் சொல்றேன்" என்றேன்.

அவர் கையில் கொண்டுவந்த சேலையின் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அன்றைக்கு அவள் கட்டாமல் வீட்டில் கிடந்த சேலை. அதில் முடிந்து வைத்திருந்த நோட்டீசை என் கையில் வைத்தார். "இது இனிமே எனக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மொதலாளி கூப்பிட்டார். மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். வாசிக்கச் சொன்னேன். ரூமில் ஆட்கள் நாலு பேர், அவர்கள் பாட்டுப் பாடித் தரையில் தாளம் போட்டதால் தீப்பிடித்தது, கம்பெனி எச்சரித்தும் கேட்கவில்லை என்று இருந்தது. ஓடி வந்தவர்களில் மூன்று பேர் அன்றைக்கு ரூமிலேயே இல்லை என்று ஆக்கியிருந்தார்கள்; வேலைக்குப் பயந்து அவர்களும் தலையாட்டியிருந்தார்கள். கீழே, பாட்டுக்காரர்களே சொன்னதாக, எங்கள் மூன்று பேர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தது. கிதார்க்காரர் ஏற்கெனவே போட்டிருந்தார். மைக்காரர் போடவில்லை. "நான் அச்சாபீஸ்காரன், ரூம்லே இல்லை, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மொதலாளி கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டம். "செத்தவுகளுக்கு இனிமே என்ன வரப்போகுது? இருக்கவன் பொழைக்கணும். ஆபீசைச் சாத்துனா முந்நூறு குடும்பம். நீ போடு. தை மாசம் மெட்ராஸ் போவோம். மெட்ராஸ்காரன் அடுத்த பாட்டு எங்கேன்னு கடுதாசி போட்டுருக்கான். ரெண்டாவது ரெக்கார்டுலே உன் படத்தைப் போடச் சொல்றேன்."

கிதார்க்காரர் வாசலில் நின்றார். என்னைத் தள்ளிக்கொண்டு போனார். "போடுலே. எனக்கு மூணு பொம்பளைப் பிள்ளைக. ரெண்டாவது பாட்டு மெட்டு போட்டுட்டேன். கேளு, இதைவிட நல்லாருக்கும்."

அங்கேயே வாயால் முணுமுணுத்துக் காட்டினார். நல்லாத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே நல்லாயிருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"செத்தவளுக்காகவாலே?"

"ஆமா."

அடுத்த நாள் அதிகாரி வந்தார். இந்தத் தடவை யாரும் துண்டை உதறவில்லை. மொதலாளியின் ரூமில் உட்கார்ந்து அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்தது. மொதலாளி, மேனேஜர், போர்மேன் எல்லாரும் இருந்தார்கள்.

அதிகாரி தாளைப் பார்த்தார். "பாட்டுப் பாடித் தட்டினார்கள் என்று இருக்கிறது. நீதானே அந்தப் பாட்டுக்காரன்?"

"ஆமாங்கய்யா."

"தட்டினார்களா?"

"இல்லை."

"நீ ரூமில் இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

அது சரியான கேள்வி. எது முதலில் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ரூம்லே எட்டுப் பேருங்கய்யா. என்னோட சேத்து."

"நாலு பேர் என்று எழுதியிருக்கிறார்கள். நானே எத்தனை தடவை வந்து எண்ணியிருக்கிறேன். நாலுதான்."

மடியிலிருந்து நோட்டீசை எடுத்தேன். மதினி மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. பிரித்து மேஜையில் வைத்தேன். மதினி வரியைக் காட்டினேன்.

அவர் வாசித்தார். முதலில் உதடு பாட்டோடு கொஞ்சம் அசைந்தது. அவர் வீட்டிலும் ரெக்கார்டு இருந்திருக்கும். ஜீப்பு வரியில் உதடு நின்றது.

"இது எந்த ஜீப்பு?" என்றார்.

"உங்க ஜீப்புதாங்கய்யா."

அதிகாரி நோட்டீசின் அடியில் பார்த்தார். கம்பெனி பெயர் இருந்தது. அன்பளிப்பு. மொதலாளியைப் பார்த்தார். மொதலாளி, "அது சும்மா தமாசுக்கு" என்றார். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அவர் உண்மையிலேயே தமாஷ் என்றுதான் அடித்தார். எல்லா ஆபீசும் செய்கிறதை யார் தப்பு என்று நினைப்பார்கள்?

அதிகாரி போர்மேனைப் பார்த்தார். "நீ சொல்."

போர்மேன் இரண்டு விரல் கையை இன்னொரு கைக்குள் வைத்துக்கொண்டார். "எட்டுங்கய்யா" என்றார்.

தாள் மாறியது. தட்டினார்கள் என்ற வார்த்தை அதில் இல்லை. எட்டு என்று இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கூட்டி நானே வாசித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

பிறகு கேஸ் நடந்தது, முடிந்தது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. ஆபீஸ் கொஞ்சநாள் சாத்தினார்கள், திறந்தார்கள். போர்மேனையும் என்னையும் உள்ளே விடவில்லை. வேறு ஆபீஸ்களும் கேட்டிலேயே நிறுத்தினார்கள். கடைகளில் கிடந்த ரெக்கார்டை எல்லாம் மொதலாளி ஆள் விட்டு வாங்கிக்கொண்டார். மிச்ச நோட்டீசை எரித்தார்கள். இனி ரெக்கார்டு போட வேண்டாம் என்று மெட்ராஸ் கம்பெனிக்குக் கடுதாசி போனது. செட்டு முடிந்தது.

ஒருநாள் மதினி புருஷன் எதிரே வந்தார். சந்தைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னார். விருதுநகர் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். எனக்கு அது போதும்.

விருதுநகரில் எண்ணெய் டின் செய்கிற பட்டறையில் வேலை கிடைத்தது. தகரத்தை மடக்கித் தட்ட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்ட வேண்டும். கை பழக ஒரு மாதம் ஆனது. பழகினபிறகு யார் சொல்லியும் நிறுத்தவில்லை.

நாலைந்து வருஷம் கழித்துக் கிதார்க்காரர் பட்டறைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. மொதலாளி மகனுக்குச் சிவகாசியில் கல்யாணம். பழைய செட்டு வேண்டும் என்று மாப்பிள்ளையே ஆசைப்படுகிறாராம்.

"பழசை எல்லாம் மறந்துட்டாக. உன்னையும் கூப்பிடச் சொன்னாக. மொதச் சரணம் மட்டும் பாடணும். ரெண்டாவது வேண்டாம்."

"ரெண்டாவது இல்லைன்னா நான் இல்லை."

"இன்னும் எத்தனை நாளைக்குலே?"

"அடிக்க வேண்டிய தகரம் கிடக்கு. நீங்க போங்க."

கோபித்துக்கொண்டு போனார். கல்யாணம் ஒரு முகூர்த்த நாளில் நடந்தது. நான் பட்டறையில் இருந்தேன்.

மறுநாள் காலை திரும்பவும் வந்தார். வாசல்படியில் உட்கார்ந்தார். டீ சொன்னேன். குடித்து முடித்தார்.

"மொதச் சரணம் பாடுனேன்" என்றார். "அடுத்து முடிப்புக்குப் போனேன். பந்தலுக்கு வெளியிலே ஆபீஸ் பொம்பளைக நின்னாக. இருநூறு பேரு இருக்கும். விடலைலே. அவுகளே பாடிட்டாக. நாலு பேரு ரூமுக்குள்ளேன்னு."

"மொதலாளி?"

"எந்திரிச்சு உள்ளே போயிட்டாக."

"நீங்க என்ன செஞ்சீக?"

கிதார்க்காரர் நான் மடக்கி வைத்திருந்த டின்னைப் பார்த்தார். "வாசிச்சேன்" என்றார். "வேற என்னத்தைச் செய்ய?"

அவர் இரண்டாவதாகப் போட்ட மெட்டு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அடுத்த தகரத்தை எடுத்தேன்.